திரிந்த பாலுக்கு எந்த வினைச்சொல்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஐந்தாம் படிவத்தில் பயிலும் என் மகள், தான் வளர்ந்த தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். ஊர்ப்பெயரை ‘மாடிஃபை’ செய்தார்கள் என்றும், ரப்பர் மரங்கள் செம்பனையாக (எண்ணெய்ப்பனையாக) ‘டிரான்ஸ்ஃபார்ம்’ ஆயின என்றும் எழுதிய இடங்களில் ஆசிரியை சிவப்புக் கோடு போட்டுவிட்டார். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘மாறு, மாற்று’ என்றே இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?
- வாசகி, பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்

பதில்: அகராதியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு மாற்றத்தைச் சொல்ல வரும்போது, அது தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பதையே தமிழ் முதலில் கேட்கிறது. மாறு, மாற்று, உருகு, உருக்கு, திரும்பு, திருப்பு என்று நம் வினைகள் இரட்டையாகப் பிறந்திருப்பது அதனால்தான். ஆங்கிலத்துக்கு இந்தக் கவலை குறைவு. ‘சேஞ்ச்’ என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் போய்வரும். எவ்வளவு மாறியது, எதற்காக மாறியது, பழைய பொருளில் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே அங்கே சொற்கள் பிரிகின்றன.

தங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய பெயரில் ஒரு சொல்கூட மிஞ்சாமல் புதுப்பெயர் வந்துவிட்டதால், இங்கே ‘சேஞ்ச்’ போதும். ‘ரீநேம்’ என்றால் இன்னும் துல்லியம். ‘மாடிஃபை’ என்றால் பொருளின் அடிப்படை அப்படியே இருக்க, ஒரு நோக்கத்தோடு சில பகுதிகளை மட்டும் மாற்றுவது. நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை மாற்றி ஊரை எழுப்புகிறார்களே, அது சரியான ‘மாடிஃபை’. தைத்த சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைப்பது ‘ஆல்டர்’. சட்டை அதே சட்டைதான், அளவு மட்டுமே வேறு. சட்டத்தையோ தீர்மானத்தையோ திருத்துவது ‘அமெண்ட்’. குறையை நீக்குவது என்ற பொருளுள்ள லத்தீன் வேர் அதற்குள் இருப்பதால், தையற்கடையில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 159-ஆவது பிரிவு பேசுவது இந்த ‘அமெண்ட்’ பற்றித்தான். மலாயில் ‘பிண்டா’ என்று தங்கள் மகள் பள்ளியில் படித்திருப்பாள்.

மரங்களின் கதை வேறு. எந்த ரப்பர் மரமும் செம்பனையாக மாறியதில்லை. பால் மரங்களை வெட்டிச் சாய்த்து, அந்த இடத்தில் செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். ஆகவே மரங்களுக்கு ‘ரிப்ளேஸ்’. நிலம் மட்டும் அங்கேயே கிடந்து, ஒரு பயனிலிருந்து வேறொரு பயனுக்குப் போனது. ஆகவே நிலத்துக்கு ‘கன்வெர்ட்’. ரிங்கிட்டை ரூபாயாக்கும்போதும், ஒருவர் மதம் மாறும்போதும் வருவது இதே சொல். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. பார்த்தவருக்கு அடையாளமே தெரியாதபடி உருவமோ இயல்போ மாறியிருக்க வேண்டும். தங்கள் ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டார். அந்தப் பயிர் பின்னர் நாட்டின் நிலத்தோற்றத்துக்கும் தோட்ட மக்களின் வாழ்க்கைக்கும் என்ன செய்தது என்பதை எழுதும்போது ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்று தாராளமாக எழுதலாம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் இருப்பது தமிழருக்கு மட்டும் கேட்கும் வேடிக்கை.

கேள்வி: பால் திரிந்தது, தலை நரைத்தது என்பவற்றுக்கு ‘பிகம்’ எழுதினால் பிழையா?
- வாசகர், தெலுக் இந்தான்

பதில்: இலக்கணப் பிழையில்லை, ஆனால் காதுக்கு விறைப்பாக இருக்கும். தமிழில் திரிந்தது, புளித்தது, நரைத்தது, வெளுத்தது, சிவந்தது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி வினை உண்டு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு பொது வினையையும் ஒரு பண்புச்சொல்லையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. எந்தப் பொது வினை என்பதில்தான் சிக்கல். நிறத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் வயது எட்டுவதற்கும் ‘டர்ன்’: இலை மஞ்சளானது, பெண்ணுக்குப் பதினேழு ஆனது. மெல்ல மெல்ல நடப்பதற்கு ‘குரோ’. வயதாவதும் இருட்டுவதும் இப்படி. பேச்சுவழக்கில் நனைவதற்கும் களைப்பதற்கும் ‘கெட்’. ஒருவர் ஆசிரியராவதற்கும் மருத்துவராவதற்கும் ‘பிகம்’தான் பொருத்தம், நம் ‘ஆகு’ அங்கே கச்சிதமாக உட்காரும்.

சுவையானது ‘கோ’. நிறத்துக்கு அது பொதுவாக வந்தாலும், மற்ற இடங்களில் பெரும்பாலும் கேட்டைச் சொல்லவே வருகிறது: பால் கெடுவது, தலை வழுக்கையாவது, காது கேளாமற்போவது, பித்துப் பிடிப்பது. நாமும் ‘கெட்டுப் போனது’, ‘புளித்துப் போனது’ என்று ‘போ’வைத்தானே துணைக்கு அழைக்கிறோம்! கனவு பலித்தால் அங்கே ‘கம்’ வருகிறது, இங்கே ‘கைகூடி வந்தது’ என்கிறோம். இந்த உறவை மாணவருக்குக் காட்டினால் பாதிச் சுமை இறங்கிவிடும். ஆனால் முழுதாக நம்பிவிடக் கூடாது; ‘சோர்ந்து போனார்’ என்பதை ‘கோ’ போட்டு எழுதினால் ஆங்கிலம் ஏற்காது, அங்கே ‘கெட்’ அல்லது ‘குரோ’ வேண்டும்.

கேள்வி: ‘அட்ஜஸ்ட்’, ‘அடாப்ட்’ இரண்டும் ஒன்றா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. சைக்கிள் இருக்கையைச் சற்று உயர்த்துவது ‘அட்ஜஸ்ட்’. புதிய சூழலுக்கு ஏற்ப ஒன்று தன் இயல்பையே பொருத்திக்கொள்வது ‘அடாப்ட்’. பேருந்தில் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று நாம் சொல்வது நெருக்கிப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில். அது நம் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு வந்த பொருளாகையால் தேர்வுத் தாளில் அதை எழுத வேண்டாம்.