பணகுடி காத்துல பன்னீர் திராட்சை நிக்குமா, ஒயின் எடுக்கலாமா?

பணகுடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணாச்சி, ரெண்டு ஏக்கர் செம்மண்ணு, கிணறு இருக்கு. வீட்டாளுங்களே சேர்ந்து ரசாயன மருந்தடிக்காம நாட்டு திராட்சை போட்டு சின்னதா ஒயின் தயாரிச்சு விக்கலாம்னு பாக்கோம், நடக்குமா?"

திராட்சை நடக்கும் தம்பி. ஒயின் இப்போதைக்கு வேண்டாம். 1937 மதுவிலக்குச் சட்டம் நம்ம மாநிலத்துல இன்னும் இருக்கு, லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா கேஸ் தான், கிறிஸ்துமஸுக்கு ஜாடில போடுதத யாரும் கண்டுக்கிடல்லங்கதுக்காக பாட்டில்ல அடைச்சு விக்க கிளம்பிராதீங்க. கேரளாவுல 2022ல பழ ஒயின் சின்ன யூனிட்டுக்குன்னு விதி போட்டாங்க, அது புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்.

நாட்டு ரகம்னு நீங்க சொல்லுதது பன்னீர் திராட்சையத் தான்னு நெனைக்கேன். அது மஸ்கட் ஹாம்பர்க், வெளிநாட்டுல இருந்து வந்து கம்பம் பள்ளத்தாக்குல ஊன்றுன ரகம், 2023ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. திராட்சைக் குடும்பத்துல நெசமாவே நம்ம ஊர் ஆளுன்னா வேலில கிடக்க பிரண்டை தான், அதுல தொவையல் அரைக்கலாம், ஒயின் வராது.

இப்ப முக்கியமான விஷயம். மருந்தில்லாம திராட்சை வாரதும் வராததும் எதைத் தெளிக்கோம்ங்கதுல இல்ல, கவாத்துத் தேதில, அதாவது கொடிய வெட்டிவிடுத தேதில இருக்கு. கம்பத்துக்காரங்க மே-ஜூன்ல ஒரு கவாத்து, டிசம்பர்-ஜனவரில ஒரு கவாத்துன்னு ரெண்டு அறுவடை எடுப்பாங்க, அத அப்படியே இங்க பண்ணினா ஜூன்ல விடுத இளந்தளிர ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து பந்தல்லயே கிழிச்சுப் போட்டுரும், உங்க ஊர்ல காத்தாடி எதுக்கு நட்டிருக்கான்னு உங்களுக்கே தெரியும். அதனால ஜனவரி முதல் வாரம் கவாத்து பண்ணி ஏப்ரல் கடைசில அறுக்க வெயில் போகத்த மட்டும் பிடிங்க. மே மாசம் ரெண்டாவது கவாத்து கொடியத் தேத்துததுக்கு மட்டும், வார குலையக் கிள்ளிருங்க. நாசிக் பக்கமும் ரெண்டு கவாத்து ஒரு அறுவடை தான். மேற்கு வரப்புல சவுக்கும் அகத்தியும் நெருக்கமா நடணும், அது கொடிக்கு ஒரு வருஷம் முந்தியே.

ஐப்பசி, கார்த்திகை மழைல அடிச்சாம்பல்ங்க பூஞ்சை நோய் வரும். இலை மேல எண்ணெய் சொட்டுன மாதிரி மஞ்சள் புள்ளி, காலைல திருப்பிப் பாத்தா அடில வெள்ளையா பூஞ்சை. அதுக்கு ஒரு சதவீத போர்டோ கலவை இயற்கை முறைலயும் கட்டுப்பாட்டோட அனுமதி உண்டு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, நீத்த சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி நூறு லிட்டர். தனித்தனி பிளாஸ்டிக் வாளில கரைச்சு துத்தத்த சுண்ணாம்புல ஊத்தி கிண்டணும். பளபளன்னு தீட்டுன அரிவாள் நுனிய முக்கி எடுங்க, செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் சேக்கணும், அப்படியே அடிச்சா இலை கருகிரும். அன்னைக்கு கலக்குனத அன்னைக்கே அடிச்சு முடிச்சிருங்க.

ஒயின் ஆசை விடலன்னா இதையும் கேட்டுக்கோங்க, பழம் கைக்கு வாரது ஏப்ரல்-மே. 35 டிகிரி தாண்டுனா ஈஸ்ட் பாதிலயே படுத்துரும், சூட்டுல பழுத்த பழத்துல புளிப்பும் கம்மி, சீக்கிரம் கெட்டுப்போகும், குளிரூட்டுன தொட்டி இல்லாம நம்ம ஊர்ல நல்ல ஒயின் வாரது கஷ்டம். முதல்ல பழமாவும் ஜூஸாவும் வித்துப் பாருங்க. ஆர்கானிக் சர்டிஃபிகேட்டுக்கும் இந்த மாதிரி பல வருஷப் பயிருக்கு ரசாயனத்த விட்டு இயற்கை முறைக்கு மாறுததுக்குன்னு மூணு வருஷம் மாற்றுக் காலம் இருக்கு, பக்கத்து விவசாயிகளோட குழுவா சேர்ந்து பிஜிஎஸ்ல (விவசாயிங்களே ஒருத்தர் தோட்டத்த ஒருத்தர் பாத்து சான்று குடுக்குத முறை) போனா செலவு குறையும்.

ரெண்டு ஏக்கரையும் ஒரேயடியா பந்தல் போட்டுராதீங்க, கல்தூணும் கம்பியும் தான் பெரிய செலவே, அரை ஏக்கர் போதும். குழி தோண்டுததுக்கு முன்னாடி கிணத்துத் தண்ணிய கிள்ளிகுளம் வேளாண் கல்லூரில குடுத்து உப்பு பாத்துருங்க, உப்பு கூடுதலா இருந்தா சாதாக் குச்சிய நடாம உப்பு தாங்குத டாக்ரிட்ஜ் வேர்ச்செடில ஒட்டுக்கட்டுன நாத்து வாங்குங்க.