ஆன்லைன் படிப்பு: வேலூர் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை, பேராசிரியையின் பதில்கள்

மேடம், கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு என்றாலே சீனியர்கள் அலறினார்கள். அதே ஆட்கள் பரீட்சை வந்தால் யூடியூபே கதி என்று கிடந்தார்கள். எப்படி? (காட்பாடி, பி.எஸ்சி. மாணவர்)

இரண்டும் வேறு வேறுப்பா. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியதும், கரும்பலகை முன் பேசுவதையே கூகுள் மீட்டில் பேசினார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்துப் பிள்ளைக்குக் குரல் விட்டுவிட்டு வரும். சந்தேகத்தை டைப் செய்து முடிப்பதற்குள் பாடம் இரண்டு பக்கம் ஓடியிருக்கும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது நல்ல காரியம்தான், ஆனால் டவரே எடுக்காத ஊரில் அதை வைத்து என்ன செய்வது? பதிவு செய்த வீடியோவில் இந்தத் தொல்லை இல்லை. கணக்கில் மூன்றாவது வரி எங்கிருந்து வந்தது என்று நிறுத்தி, நோட்டில் போட்டுப் பார்த்து, மறுபடி ஓட்டலாம். நேரலை வகுப்பில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாததுதான் பிள்ளைகளுக்குக் கசந்தது. அதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான் தமிழ் மீடியம். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடம் எடுத்தால் தாக்குப்பிடிப்பேனா? (ஒடுகத்தூர், முதலாமாண்டு மாணவி)

தாராளமாக எடும்மா. பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் இருக்கிறது. முதலில் அதைப் படி, அப்புறம் வீடியோவைப் பார். சேருவதற்குக் காசு கிடையாது, சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் வரும் அசைன்மென்டைத் தள்ளிப்போடாதே, பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விடுகிறார்கள். முடிந்தால் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொள்.

ஆன்லைன் பட்டம் வேலைக்குச் செல்லுமா? (ஆற்காடு)

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அனுமதி பெற்ற படிப்பென்றால் நேரடிப் பட்டத்துக்குச் சமம், 2022-லேயே அறிவித்துவிட்டார்கள். பணம் கட்டும் முன் யுஜிசி தளத்தில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

மகள் கேமராவை அணைத்துவிட்டே வகுப்பில் உட்காருகிறாள். ஏமாற்றுகிறாளோ? (குடியாத்தம், ஒரு தாய்)

அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள் அம்மா. ஒரே அறை வீட்டில் பின்னால் நடப்பதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். கூச்சப்படும் பெண்கள் நிறைய. வகுப்பு முடிந்ததும் "இன்னிக்கு என்ன நடத்தினாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். கவனித்திருந்தால் அவள் பாட்டுக்குச் சொல்லுவாள். திணறினால் அன்றைக்கே ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.