அவருக்குத் தெரியாமல் கட்டும் கட்டணம்

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்து எழுதுகிறேன். வயது 38. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். கணவர் கணித ஆசிரியர். பிள்ளை இல்லை என்று கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஐ.வி.எஃப், அதாவது சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை, செய்தோம். முட்டை எடுத்தது எனது 35 ஆவது வயதில். நல்ல கருக்கள் கிடைத்திருக்கின்றன என்றுதான் சொன்னார்கள். ஆனால் கரு வைத்த ஒவ்வொரு தடவையும் இரண்டு கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு இரத்தம் கொடுத்தால், 'நெகட்டிவ்' என்றே பதில் வந்தது. காரணம் கேட்டால், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சில நேரம் இப்படி நடக்கும்" என்கிறார் வைத்தியர். எல்லாம் சரியென்றால் ஏன் அக்கா ஒன்றுகூட நிற்கவில்லை?

சிகிச்சையை விட ஆட்களின் பேச்சுத்தான் தாங்க முடியவில்லை. மச்சாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து 31 ஆம் நாளுக்குப் போயிருந்தோம். பிள்ளையைத் தூக்க நான் கை நீட்டினேன். "தொட்டிலிலேயே கிடக்கட்டும், இப்பதான் நித்திரையானது" என்றார் மாமி. பிள்ளை கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தபடியால்தான் தங்கவில்லை, அந்தக் குலுக்கலில் கலைந்துவிட்டது என்றும் மாமி சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். இவர் அதைக் கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அம்மா இந்த வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, பின்பக்கம் ஓர் அறை போட்டு இருக்கிறார். சிகிச்சைக்காக வெல்லாவெளிப் பக்கம் இருந்த வயலையும் விற்றார். அண்ணன்மாருக்குப் பிள்ளைகள் இருந்தாலும் அவர்கள் தங்கள் தாய்மாரின் குடி, அதாவது தாய்வழி வம்சம். "எங்கட குடி உன்னோடதான் நிக்குது மகள்" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சொன்னதே இல்லை. மாமாங்கேஸ்வரரிடம் போய் வருவார், வந்து பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமையும் எனக்குக் குத்துகிறது.

இவர் சனிக்கிழமை ஆனால் திருக்கோவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார். மூத்த பெடியனுக்குச் சைக்கிள் பழக்குகிறாராம். நான் இங்கே தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. கடைசித் தடவை சரிவராமல் போனதோடு இவர் மனதால் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். "சரி, விடு, இனி நாங்கள் ரெண்டு பேரும் இருப்பம்" என்கிறார். எவ்வளவு இலேசாகச் சொல்கிறார் பாருங்கள். ஊசி போட்ட வயிறு என்னுடையது. மாமி தூக்க விடாத கை என்னுடையது.

அந்தக் கடைசித் தடவை, உறைய வைத்ததில் மிச்சமிருந்த இரண்டு கருக்களையும் ஒன்றாக வைப்பதாகத்தான் பேச்சு. அன்று காலை வைத்தியர், உருக்கி எடுத்தது நன்றாக வந்திருக்கிறது, ஒன்றே போதும் என்றார். இவர் அந்த நேரம் கீழே பணம் கட்டிக்கொண்டு நின்றார். மற்றது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருடக் கட்டணத்துக்கு எஸ்.எம்.எஸ் எனக்குத்தான் வரும், ஐப்பசியில் கட்ட வேண்டும், நானே கட்டிவிடுவேன். இவருக்கு அதெல்லாம் தெரியாது. அது இருக்கட்டும், நான் கேட்க வந்தது வேறு.

சென்னையில் ஒரு நல்ல இடம் இருப்பதாகச் சொந்தத்தில் ஓர் அக்கா சொன்னார். அங்கே கருப்பையைக் கொஞ்சம் கீறிவிட்டுக் கரு வைப்பார்களாம். உடம்பு கருவை எதிர்க்காமல் இருக்க ஒரு கொழுப்புச் சேலைனும் ஏற்றுவார்களாம். அங்கே போய் முதலில் இருந்து தொடங்கவா? கொழும்பிலேயே வைத்தியரை மாற்றவா? இன்னொருவரின் முட்டையை வாங்கிச் செய்யவா? வயது போகிறது. இவரோ வர மாட்டேன் என்கிறார். மாமியின் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

ஒரு வாசகி, மட்டக்களப்பு மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பஸ்ஸை உங்கள் தலையில் இருந்து இறக்கி வையுங்கள். கருப்பைக்குள் வைத்த கரு பிரயாணத்தில் குலுங்கிக் கீழே விழுவதில்லை. கரு வைத்தபின் கட்டிலிலேயே படுத்துக் கிடந்தவர்களையும் எழுந்து நடமாடியவர்களையும் ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். படுத்துக் கிடந்ததால் பலன் கூடவில்லை. கரு ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் நிறமூர்த்தங்களில், அதாவது குரோமோசோம்களில் உள்ள பிழை. பெண்ணுக்கு வயது ஏற ஏற அது கூடும். நுணுக்குக்காட்டியில் நல்ல வடிவாகத் தெரியும் கருவிலும் அந்தப் பிழை இருக்கலாம். அதனால்தான் வைத்தியரிடம் இருந்து உங்களுக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. அவர் இதை உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். நீங்கள் செய்த எதனாலும் செய்யாமல் விட்ட எதனாலும் அந்தக் கருக்கள் போகவில்லை.

மாமியைப் பற்றி இன்று நான் அதிகம் எழுதப்போவதில்லை. தொட்டில் பக்கம் அவர் நடந்துகொண்டது கொடுமை. ஆனால் மாமி நாளைக்கே திருந்தினாலும் உங்களுக்கு நித்திரை வராது என்று நினைக்கிறேன். நித்திரையைக் கெடுப்பது கடிதத்தில் "அது இருக்கட்டும்" என்று நீங்கள் தள்ளி வைத்த விஷயம்.

உங்களுக்கு ஒரு கரு மிச்சம் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அது தெரியாது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை நீங்களே திரும்ப வாசித்துப் பாருங்கள். இவர் மனதால் விட்டுவிட்டார் என்று குறைப்படுகிறீர்கள். அவர் அறிந்தவரை, இருந்த இரண்டும் வைத்தாகிவிட்டது, இரண்டும் போய்விட்டது. விற்பதற்கு இன்னொரு வயலும் இல்லை. அந்த நிலையில் ஒரு மனுசன், "இனி நாங்கள் ரெண்டு பேரும் இருப்பம்" என்று தன் மனைவியிடம் சொல்கிறார். நீங்கள் அதை இலேசான பேச்சு என்கிறீர்கள். எனக்கு அது இலேசாகத் தெரியவில்லை. தனக்கு இனிப் பிள்ளை இல்லை என்று நம்புகிறவர், உங்களைக் கைவிடாமல் சொன்ன சொல் அது. சனிக்கிழமைகளில் தங்கச்சியின் மகனுக்குச் சைக்கிள் பழக்கப் போவதும் அப்படித்தான். உங்களை மறந்து போகிறார் என்பது உங்கள் கணக்கு. தன் மகனுக்குச் செய்ய நினைத்திருந்ததை அவர் அங்கே போய்ச் செய்கிறார் என்று எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் நான் உங்கள் கணவரின் பக்கம் நிற்கிறேன். அந்தக் கரு உங்களுடையது மாதிரியே அவருடையதும். அது இருக்கிறது என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. நடக்காத முடிவு ஒன்றுக்காக அவர் துக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறார், நீங்கள் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவர் ஏன் பேசுவதில்லை என்று கேட்பவர், தான் பேசாமல் வைத்திருப்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கெட்ட எண்ணத்தில் நீங்கள் மறைத்திருக்க மாட்டீர்கள். முதல் நாள் சொல்ல வாய்ப்பு அமையவில்லை. 'இது சரிவந்தால் அதைச் சந்தோசமாகச் சொல்லலாம்' என்று இருந்திருப்பீர்கள். சரிவரவில்லை என்ற பிறகு சொல்லப் பயம் வந்திருக்கும். சொன்னால், "சரி, அதையும் வைத்துப் பார்ப்பம்" என்பார். வைத்தால், ஒட்டாமல் போகலாம். போனால் பிறகு ஒன்றுமே இல்லை. கொழும்பில் அந்த ஒன்று உறைந்து கிடக்கும் வரைக்கும் நீங்கள் இன்னும் தாயாகக்கூடியவர். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க உங்களால் முடியவில்லை. சென்னை, புது வைத்தியர், இன்னொருவரின் முட்டை என்று நீங்கள் போடும் திட்டம் ஒவ்வொன்றும் அந்தக் கடைசிக் கருவைத் தொடாமல் இருக்க வழி தேடுகிற மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

வயது போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 38 ஆகிவிட்டது உண்மை. ஆனால் திரவ நைதரசனில், −196 பாகை செல்சியஸில் இருக்கும் அந்தக் கருவுக்கு வயது போவதில்லை. அது உங்களுடைய 35 வயது முட்டையில் இருந்து வந்தது, இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது சென்னைக்குப் போய்ப் புதிதாக எடுத்தால் அது 38 வயது முட்டை. அவசரப்பட வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் அவசரம் இல்லை. ஐப்பசிக்குக் கட்டணம் கட்டி இன்னும் கொஞ்சக் காலம் வைத்திருக்கலாம், வைத்தும் பார்க்கலாம், இனிப் போதும் என்று நிறுத்தவும் செய்யலாம். மூன்றிலும் பாவம் எதுவும் இல்லை. ஆனால் எதைச் செய்தாலும் இரண்டு பேரும் தெரிந்து செய்ய வேண்டும். தானமாக முட்டை வாங்குவது இதைவிடப் பெரிய முடிவு. இருக்கிற ஒரு கருவைப் பற்றியே பேச முடியாத வீட்டில் அந்தப் பேச்சு எப்படி நடக்கும்?

இன்னொன்றும் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது, நீங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எங்களிடத்தில் பிள்ளை பிறந்தாலும் 31 ஆம் நாள் இருக்கிறது, ஆள் இறந்தாலும் 31 ஆம் நாள் இருக்கிறது. ஊர் கூடும், சமைக்கும், அழும், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போகும். உங்களுடைய கருக்களுக்கு அப்படி எந்த நாளும் கிடைக்கவில்லை. இரத்த ரிப்போட்டை வாங்கிக்கொண்டு இரவு பஸ் ஏறி, காலையில் முகம் கழுவிவிட்டுக் கந்தோருக்குப் போயிருப்பீர்கள். அவரும் பள்ளிக்கூடம் போயிருப்பார். ஒன்று போனபின் அழுது முடிக்க முதலே அடுத்ததற்கு ஊசி தொடங்கியிருக்கும். அந்த அழுகையெல்லாம் சேர்ந்துதான் இப்போது மாமி மேலும் மச்சாள் மேலும் கோபமாகப் போகிறது. அம்மாவின் மௌனம் குத்துகிறது என்கிறீர்கள். குடியைப் பற்றி ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வாயே திறக்காத அம்மா, உங்களை நோகடிக்கக் கூடாது என்றுதான் அப்படி இருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. வயலை அவர் மகளுக்காக விற்றார். அதைப் பேரப்பிள்ளையாகத் திருப்பிக் கொடுக்கும் கடன் உங்களுக்கு இல்லை.

சிகிச்சை பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், மிச்சத்தை வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்து எதையும் தொடங்க முன், கருப்பையின் உட்பக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமா, தைரொயிட் சரியா, இரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட அன்டிபொஸ்போலிப்பிட் சோதனை செய்ததா, இரண்டு பேரின் குரோமோசோம்களையும் பார்த்ததா என்று கேளுங்கள். இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயம் கேட்பதிலும் தப்பில்லை. அதற்கு முழு ரிப்போட்டையும் கேட்டு வாங்குங்கள். கீறிவிடுவது, கொழுப்புச் சேலைன் இரண்டையும் பற்றிச் சொன்னீர்கள். மனித இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கம், எஷ்ரே, 2023ல் இப்படிப்பட்ட மேலதிகச் சிகிச்சைகளை எடுத்துப் பார்த்தது. கீறலை வழக்கமாகச் செய்யும்படி அது சொல்லவில்லை. கொழுப்புச் சேலைன் வேண்டாம் என்றே சொன்னது. யாராவது அதைப் பிரதானமாகக் காட்டிப் பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்.

ஐப்பசிக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டாம். அதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். அம்மா பின்னறையில் இருக்கும்போது வேண்டாம், சண்டை பிடித்த இரவிலும் வேண்டாம். களுதாவளைக் கடற்கரைப் பக்கம் ஒரு பின்னேரம் இரண்டு பேரும் நடந்து போங்கள். மாமியில் தொடங்கி வளைத்து வராமல், "அன்றைக்கு ஒன்றைத்தான் வைத்தார்கள், மற்றது இன்னும் இருக்கிறது, சொல்ல எனக்குப் பயமாக இருந்தது" என்று நேரே சொல்லுங்கள். வாய் வராவிட்டால் எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டுங்கள். அவருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். சில நாள் பேசாமலும் இருப்பார். அந்த நாட்களில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லி அவரை அவசரப்படுத்த வேண்டாம். சனிக்கிழமை திருக்கோவிலுக்குப் போனால் போக விடுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

பைத்தியம் பிடித்துவிடும் போல என்று எழுதியதை நான் சும்மா கடந்து போகவில்லை. நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். அவரோடு பேசிய பிறகு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். சென்னையா கொழும்பா என்பதை அப்போது பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா