பழஞ்சுவரின் பூச்சை உரிக்கலாமா?

கேள்வி: நூறு வருடம் தாண்டிய எங்கள் வீட்டைப் புதுப்பிக்கிறோம். சுண்ணாம்புப் பூச்சை உரித்துச் செங்கல் தெரியும்படி விடலாம், பொருளை மறைக்காமல் காட்டுவதுதான் நல்ல கட்டடக்கலை என்கிறார் ஆர்க்கிடெக்ட். உரித்தால் சுவர் போய்விடும் என்கிறார் கொத்தனார். யார் சொல்வது சரி?
- வாசகி, காரைக்குடி

பதில்: கொத்தனார் சொல்வதுதான். பூசாத செங்கல் சுவருக்குத் தனி அழகு உண்டு. திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளே சாட்சி. ஆனால் அவை பூசப்போவதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்து கட்டியவை. உங்கள் சுவர் பூசுவதற்கென்றே எழுப்பியது. உள்ளே அரைவேக்காட்டுச் செங்கல்லும் கலந்திருக்கும், கல்லுக்குக் கல் இடையிலுள்ள சந்துகளும் அகலமாக இருக்கும். உரித்ததும் சாரல் சந்து வழியே இறங்கும். வெயிலில் காயும்போது உள்ளே கரைந்த உப்பு வெளியே வந்து படிகமாகி, கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். கொத்தும்போதே உளி பட்டுக் கல்லின் கெட்டியான மேல்தோல் போய்விடுவது இன்னொரு நஷ்டம்.

பொருளில் உண்மை வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வலியுறுத்தியவர் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். அவர் கண்டித்தது, செங்கல்மேல் பூசிக் கோடு கிழித்துக் கருங்கல்போலக் காட்டுவதை. பூச்சு பூச்சாகவே தெரிந்தால் அதை அவர் பொய் என்று சொல்லவில்லை. உங்கள் ஆர்க்கிடெக்டிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுவர் முழுக்க மரச்சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தியெடுங்கள். அங்கே கல் இடைச் சந்துகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். பூசும் கலவைக்கு, குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்று மணல் 3 பங்கு. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் காயும்போது வெடிக்கும். நேர்வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டி, ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். அவசரத்துக்குச் சிமென்ட் கலக்கவே கலக்காதீர்கள்.

கேள்வி: பழைய சுவரில் சிமென்ட் பூசிவிட்டோம். இப்போது கீழே உப்புப் பூக்கிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கலாமா?
- வாசகர், திருவையாறு

பதில்: வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல்தான் உப்பு பூக்கிறது. பெயின்ட் இன்னும் அடைக்கும், ஈரம் மேலே ஏறும். உப்புக் கறைக்கு மேல் ஓரடி வரை சிமென்டை எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் திரும்பவும் உள்ளே போகும். பிறகு மேலே சொன்ன சுண்ணாம்புக் கலவை, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை.