ஈயமில்லாத ஒளிர்பொருள்: குளோவ் பாக்ஸ் இல்லாத ஆய்வகத்தில் எதில் தொடங்குவது?

கேள்வி: தருமபுரியில் ஒரு கல்லூரியில் முதுநிலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஈயம் கலவாத, ஒளி உமிழும் பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைப் படிக அமைப்பு) பொருளை உருவாக்குவதை ஆய்வுத் திட்டமாக எடுத்திருக்கிறேன். எங்களிடம் நுண்தராசு, சூட்டடுப்பு, டெஃப்லான் உறையிட்ட சிறிய ஆட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்), புகைபோக்கிப் பெட்டி, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஆகியவை உள்ளன. காற்றுப் புகாமல் கையுறை வழியாக வேலை செய்யும் குளோவ் பாக்ஸ் இல்லை. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தைப் போட்டால் போதும் என்கிறார் நண்பர். ஆறு மாதத்தில் இது முடியுமா? எல்இடி வரை போக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வெள்ளீயத்தில் தொடங்காதீர்கள். தனிம அட்டவணையில் காரீயமும் (நீங்கள் ஈயம் என்பது இதைத்தான்) வெள்ளீயமும் ஒரே நிரலில் அடுத்தடுத்து நிற்பதால் உங்கள் நண்பருக்கு அந்த எண்ணம் தோன்றியது இயல்பே. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயம் என்பதால், அது உடலுக்கு உகந்தது என்ற நம்பிக்கையும் நம் வீடுகளில் உண்டு. சிக்கல் நச்சில் இல்லை, நிலைப்பில் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட் படிகத்தில் வெள்ளீயம் இரட்டை நேர்மின் அயனியாக இருக்க வேண்டும்; அதுவோ காற்றுப் பட்டதும் மேலும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நான்கு நேர்மின் அயனியாக மாறவே பார்க்கும். குளோவ் பாக்ஸ் இல்லாத இடத்தில் அதைத் தயாரித்தால், உங்கள் ஆறு மாதமும் பொருளைக் காப்பாற்றுவதிலேயே கழிந்துவிடும்.

காரீயத்தை ஏன் விடுகிறோம் என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்வதில் அதற்கு இணை இன்னும் கிடைக்கவில்லை. சீசியம் ஈய புரோமைடின் நுண்படிகம் 515 நானோமீட்டர் அருகே, ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமே கொண்ட கூர்மையான பச்சையைத் தரும். படிகத்தில் குறைகள் இருந்தாலும் அவை ஒளியைப் பெரிதாக விழுங்குவதில்லை. ஆனால் அந்தப் படிகம் நீர் பட்டால் சிதைந்து, ஈயத்தைக் கரையும் உப்பாக வெளியே விடுகிறது. மின்னணுப் பொருள்களில் ஈயத்தின் அளவு எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் நாட்டு மின்கழிவு விதிகளும் அதே வரம்பையே வைத்திருக்கின்றன. ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்ட மாவட்டத்தில், கல்லூரிச் சாக்கடை வழியாக ஈயத்தையும் மண்ணுக்குள் அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் மாதத்துக்கு நான் பரிந்துரைப்பது சீசியம் செம்பு அயோடைடு. மூன்று மோல் சீசியம் அயோடைடுக்கு இரண்டு மோல் செம்பு அயோடைடு என்பது கணக்கு. ஒரு மில்லிமோல் பொருளுக்கு முதலாவது 0.779 கிராம், இரண்டாவது 0.381 கிராம். இரண்டையும் புதிய அகேட் கல்வத்தில் போட்டு, சித்த மருந்து அரைப்பவர்களின் பொறுமையோடு அரையுங்கள். அரைத்த பொடியை 365 டார்ச்சில் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் மனம் தளரக்கூடும். இந்தப் பொருள் 300 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். உங்கள் வேதியியல் துறையில் டிஎல்சி (மென்படலப் பகுப்பு) தட்டு பார்க்கும் பெட்டி இருந்தால், அதில் 254 நானோமீட்டர் விளக்கும் இருக்கும். அதன் கீழ் பொடியைத் திறந்தபடியே வையுங்கள், ஏனெனில் சாதாரணக் கண்ணாடிக் குப்பி அந்த ஒளியைத் தடுத்துவிடும். எழுதும் தாளின் மேல் பரப்பவும் வேண்டாம். தாளில் சேர்த்த வெண்மையூட்டியே நீலமாக ஒளிர்ந்து உங்களை ஏமாற்றும். கறுப்பு ஓட்டுத் துண்டு நல்லது. அந்த விளக்கு கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சரியாக அமைந்தால் 445 நானோமீட்டர் அருகே நீலம் தெரியும். மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் செம்பு மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு சீசியத்துக்கு இரண்டு செம்பு கொண்ட வேறொரு சேர்மம் அங்கே உருவாகியிருக்கிறது. அந்த இடத்தில் சிறிது சீசியம் அயோடைடு சேர்த்து மறுபடி அரைத்தால் மஞ்சள் மறைந்து நீலம் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீர் பட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: சீசியம் அயோடைடு கரைந்து விலக, நீலம் மஞ்சளாகும். ஆகவே நீரில் கழுவாதீர்கள். ஐப்பசி மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் இட்ட, ஈரம் புகாத டெசிகேட்டரை விட்டு வெளியே வைக்காதீர்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு) வரைபடத்தில் 27.6 டிகிரியில் சீசியம் அயோடைடின் கோடும், 25.5 டிகிரியில் செம்பு அயோடைடின் கோடும் எஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வினை முடியவில்லை.

இந்தப் பொருள்கள் ஒளிரும் விதம் ஈயப் படிகத்தினின்று வேறுபட்டது. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால், உட்கார்ந்த இடம் குழிந்து அவரை அங்கேயே இருத்திக்கொள்கிறது அல்லவா? அதைப் போல, ஒளிபட்டுக் கிளர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் தம்மைச் சுற்றியுள்ள அணுக்களை நெளித்து, அந்தக் குழியிலேயே சிக்கிக்கொள்கின்றன. குழிவதில் ஆற்றலின் ஒரு பகுதி செலவாகிவிடுவதால், உறிஞ்சிய ஒளியைவிட வெகுவாக நீண்ட அலைநீளத்தில், அகன்ற பட்டையாக ஒளி வெளிப்படுகிறது. தொலைக்காட்சித் திரைக்கு இந்த அகலம் உதவாது. வீட்டு விளக்குக்கு இதுவே வேண்டியது.

விளக்கை நோக்கிப் போவதானால் இரண்டாம் கட்டமாக இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டுக்கு வாருங்கள். இரண்டு ஈய அயனிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளியும் ஓர் இண்டியமும் அமர்ந்த குளோரைடு இது. தனியாக அது மங்கலாகவே ஒளிரும். அதன் சமச்சீரமைப்பு ஒளி உமிழ்வைத் தடைசெய்கிறது. வெள்ளியில் 40 சதவீதத்தைச் சோடியமாக மாற்றி, 0.04 சதவீதம் பிஸ்மத்தும் சேர்த்தபோது ஒளிர்திறன் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் ஒளியாகத் திரும்புபவற்றின் பங்கு) 86 சதவீதத்தை எட்டியதாக 2018இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு மில்லிமோல் பொருளுக்கு அந்த பிஸ்மத் குளோரைடு 0.13 மில்லிகிராம்தான், அதை எந்தக் கல்லூரித் தராசும் நிறுத்துத் தராது. 31.5 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து 0.4 மில்லிலிட்டரைப் பிப்பெட்டில் எடுங்கள். நீரில் கரைத்தால் பிஸ்மத் வெண்மையாகப் படிந்துவிடும். மற்ற குளோரைடுகளோடு சேர்த்து, அடர் அமிலத்தில், ஆட்டோகிளேவின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் நிரப்பி, 180 டிகிரியில் 12 மணி நேரம் வைத்து மெல்லக் குளிரவிடுங்கள். அவசரப்பட்டுச் சூடாக இருக்கும்போதே திறப்பது ஆபத்து. படிகங்களை எத்தனாலில் கழுவுங்கள். சோடியத்தில் ஒரு பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். ஆகவே போட்ட விகிதத்தையே படிகத்தின் விகிதமாக எழுதாமல் அளந்து எழுதுங்கள். இது உங்கள் 365 டார்ச்சிலேயே வெதுவெதுப்பான வெள்ளையாகத் தெரியும்.

எல்இடி பற்றிக் கேட்டீர்கள். மின்சாரத்தைச் செலுத்தி இந்தப் பொருளையே ஒளிரவைப்பது உங்கள் ஆறு மாதத்துக்குள் அடங்காது. இவற்றின் ஆற்றல் இடைவெளி அகலம், மின்கடத்தலும் குறைவு. கடையில் கிடைக்கும் 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடியின் மேல், சிலிக்கோன் பசையில் குழைத்த பொடியைப் பூசி வெண்ணொளி பெறுவது அடங்கும். ஒளிர்திறனை அளக்க, எல்லாத் திசை ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒருங்கிணைப்புக் கோளம் வேண்டும். ஓசூர் வழியாகப் பெங்களூரு பக்கம்தானே, இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் வெளியாரின் மாதிரிகளுக்கு என்னென்ன அளவீடுகள் செய்து தருகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆய்வகத்தில் முன்பு யாராவது ஈயப் பெரோவ்ஸ்கைட் செய்திருந்தால், அந்தக் கல்வத்தையும் குடுவையையும் தொடாதீர்கள். புரோமைடு பொருள் ஒன்றில் திடீரென்று கூர்மையான பச்சை ஒளி கிடைத்தால் கொண்டாடுவதற்கு முன் ஈயக் கலப்பைச் சந்தேகியுங்கள்; மிகச் சிறு அளவு ஈயம் கலந்திருந்தாலே அப்படி மின்னும். செம்பு, வெள்ளி, அமிலக் கழிவுகளைத் தனித்தனிப் புட்டிகளில் பெயரெழுதிச் சேர்த்துவையுங்கள்.

உங்கள் ஆய்வுத் தலைப்பிலும் ஒரு திருத்தம் செய்யுங்கள். மூலைகளால் இணைந்த எண்முகிகளின் வலை இருந்தால்தான் அது பெரோவ்ஸ்கைட். சீசியம் செம்பு அயோடைடில் அந்த வலை இல்லை. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார் என்பதால், ‘ஈயமற்ற உலோக ஹாலைடு ஒளிர்பொருள்கள்’ என்று எழுதிவிடுங்கள்.