வெற்றிக் கணக்கா, புள்ளி வித்தியாசமா? பிளேஆஃப் தொடரைக் கணிக்கும் முறை

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் பிளேஆஃப் தொடர் (ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போகும் நாக்-அவுட்) ஒன்றைப் பற்றி எனக்கும் நண்பருக்கும் விவாதம். முதல் அணி லீக் சுற்றின் 82 ஆட்டங்களில் 58 வெற்றி பெற்றது. அதன் சராசரிப் புள்ளி வித்தியாசம், அதாவது ஓர் ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கழித்தது, +4.0. இரண்டாவது அணிக்கு 54 வெற்றிகள்தான், ஆனால் வித்தியாசம் +6.5. சொந்த மைதானச் சாதகம் முதல் அணிக்கு. யாரைத் தேர்ந்தெடுப்பது? இன்னொன்று: தொடர் இப்போது 2-2 என்று நிற்கிறது. முதல் அணி 30, 6 புள்ளிகளில் வென்று, 8, 9 புள்ளிகளில் தோற்றிருக்கிறது. மொத்தத்தில் 19 புள்ளிகள் முன்னிலை. இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: தொடர் தொடங்கும் முன் கேட்டிருந்தால், இரண்டாவது அணிக்கு ஏறத்தாழ 65 விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லியிருப்பேன். அந்த எண்ணைப் பெறுவதற்கு எக்செல் தாள் ஒன்று போதும்.

இரு அணிகளின் சராசரி வித்தியாசங்களைக் கழித்தால், பொது மைதானத்தில் இரண்டாவது அணி 2.5 புள்ளிகள் மேலானது என்று கிடைக்கிறது. சொந்த மைதானத்தின் மதிப்பு இப்போதெல்லாம் ஏறக்குறைய 2.5 புள்ளிகள், முன்பு இது மூன்றுக்கும் மேலாக இருந்தது. ஆகவே முதல் அணி தன் மைதானத்தில் ஆடும்போது இருவரும் சமம். வெளியே ஆடும்போது அது 5 புள்ளிகள் பின்தங்குகிறது. ஒரே ஆட்டத்தின் முடிவு எதிர்பார்ப்பிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 12 முதல் 13 புள்ளிகள். நான் 12 என்றே எடுத்துக்கொள்கிறேன். இயல்நிலைப் பரவலின்படி (மணி வடிவ வளைவு) 3 புள்ளி மேலான அணிக்கு அந்த ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு, 6 புள்ளி மேலானால் 69, 9 என்றால் 77, 12 என்றால் 84. உங்கள் முதல் அணிக்கு உள்ளூரில் 50, வெளியூரில் 34 என்று வருகிறது.

இனி தொடர். நான்கு வெற்றி கிடைத்ததும் ஆட்டம் நின்றுவிடுமே என்று குழம்ப வேண்டாம். ஏழு ஆட்டங்களும் நடப்பதாகவே வைத்துக்கொண்டு, உள்ளூரில் நான்கு, வெளியூரில் மூன்று என்று பிரித்து, நான்கோ அதற்கு மேலோ வெல்லும் நிகழ்தகவைக் கூட்டினால் அதே விடைதான் வரும். முதல் அணிக்கு 35, இரண்டாவதற்கு 65.

வெற்றி எண்ணிக்கையைவிடப் புள்ளி வித்தியாசம் நம்பகமானதாக இருப்பதற்குக் காரணம், ஒரு புள்ளியில் வென்ற ஆட்டமும் 25 புள்ளியில் வென்ற ஆட்டமும் பட்டியலில் ஒரே வெற்றியாகப் பதிவாகின்றன என்பதே. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நிமிடத்தில் திறமைக்குப் பங்கு உண்டு; ஆனால் அதிர்ஷ்டத்தின் பங்கு அதைவிடப் பெரியது, அது அடுத்த மாதத்துக்குக் கூடவே வருவதில்லை. ஒரு பருவத்தில் சராசரி வித்தியாசத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 41-க்கு (82-இல் பாதி) மேல் சுமார் 2.7 வெற்றிகள் என்பது அனுபவ விதி. அதன்படி +4.0 அணிக்கு 52 வெற்றிகள்தான் நியாயம், +6.5 அணிக்கு 58 அல்லது 59. நீங்கள் பார்க்கும் பட்டியல் இருவரையும் இடம் மாற்றி வைத்திருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 2006-07 பருவம். டல்லாஸ் மேவரிக்ஸ் 67, ஃபீனிக்ஸ் சன்ஸ் 61, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 58 என்று வெற்றிகள் வரிசையாக நின்றன. வித்தியாசத்திலோ ஸ்பர்ஸ் அணிதான் +8.4 உடன் முதலிடம். அந்த அணியே இரண்டாம் சுற்றில் சன்ஸை 4-2 என்று வென்று, இறுதியில் கிளீவ்லாந்து கேவலியர்ஸை 4-0 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது.

ஆனால் அதே ஆண்டு இந்த முறையின் ஓட்டையையும் காட்டியது. முதல் சுற்றில் டல்லாஸ் (+7.2) எதிர்கொண்டது 42 வெற்றிகள் மட்டுமே பெற்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை (-0.3). மேலே சொன்ன கணக்கு டல்லாஸுக்கு 92 விழுக்காடு தரும். டல்லாஸ் 4-2 என்று தோற்றது. அந்த 8 விழுக்காடு அன்று நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது சோம்பேறித்தனமான விளக்கம். ஸ்டீபன் ஜாக்சனும் அல் ஹாரிங்டனும் இண்டியானாவிலிருந்து வாரியர்ஸுக்கு வந்தது 2007 ஜனவரியில்தான். ஆகவே -0.3 என்பதில் பாதி, ஏப்ரலில் களமிறங்காத வேறொரு அணியின் எண். தவிர, லீக் சுற்றில் டல்லாஸை மூன்று முறையும் வென்ற அணி அது; பயிற்சியாளர் டான் நெல்சனோ டல்லாஸின் முன்னாள் பயிற்சியாளர். எனவே கணக்கில் இறங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த எண்ணைச் சேர்த்த வீரர்கள்தானா இந்தத் தொடரில் ஆடப்போகிறார்கள் என்பது. 2023-ல் 58 வெற்றிகளும் +3.6 வித்தியாசமும் கொண்ட மில்வாக்கி பக்ஸ், எதிர்மறை வித்தியாசம் கொண்ட மயாமி ஹீட்டிடம் 4-1 என்று தோற்றதை வித்தியாசக் கணக்கின் வெற்றியாகப் பலர் காட்டுகிறார்கள். யானிஸ் அன்டெடகூன்போ முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு வெளியேறியதை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தத் தொடர் எதையும் நிரூபிக்கவில்லை என்பதே என் கருத்து.

எண்ணைச் சற்றே சுருக்கவும் வேண்டும். 82 ஆட்டங்களின் சராசரியில்கூட 1.3 புள்ளி அளவுக்குத் தற்செயல் இருக்கும் (12-ஐ 82-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது), இரு அணிகளைக் கழிக்கும்போது அது 1.9 ஆகும். ஆகவே ஒவ்வொரு அணியின் வித்தியாசத்திலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன். உங்கள் தொடரில் இதனால் பெரிதாக எதுவும் மாறாது என்பதால் மேலே சுருக்காமலே கணக்கிட்டேன். உச்சியில் நிற்கும் அணிகளுக்குத்தான் இது முக்கியம். 2024-25-இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் +12.9 என்ற சாதனை வித்தியாசத்துடன் இறுதிக்கு வந்தது. இண்டியானா பேசர்ஸ் +2-ஐச் சற்றே தாண்டியிருந்தது. சுருக்காத கணக்கு தண்டருக்கு 97 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தது. தண்டர் வென்றது உண்மைதான், ஆனால் ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொடருக்குள் குவியும் புள்ளிகளைப் பற்றிப் பேச 2016 பிளேஆஃபைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஐபிஎல் பட்டியலில் நெட் ரன் ரேட் இடம் தீர்மானிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பெரிய வெற்றி எங்கோ சேமிப்பாக நிற்கிறது என்று தோன்றிவிடும். பிளேஆஃபில் அப்படி எதுவும் இல்லை. 30 புள்ளி வெற்றியும் ஒரு வெற்றியே.

அந்த ஆண்டு ஸ்பர்ஸுக்கு 67 வெற்றி, +10.6, தண்டருக்கு 55 வெற்றி, +7.3. வெற்றிகளை மட்டும் (2.7 வெற்றிக்கு ஒரு புள்ளி என்று) புள்ளிகளாக மாற்றிக் கணித்தால் ஸ்பர்ஸுக்கு 81 விழுக்காடு, வித்தியாசத்தால் கணித்தால் 75. வித்தியாசக் கணக்கு பெரும்பாலும் இந்த அளவுக்குத்தான் திருத்தும். தலைகீழாகப் புரட்டிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஆட்டத்தில் ஸ்பர்ஸ் 124-92 என்று நொறுக்கியது. அடுத்ததில் தண்டர் 98-97. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்பர்ஸ் எடுத்த புள்ளிகள் 608, தண்டர் 605. தொடரோ 4-2 என்று தண்டருக்கு. அடுத்த சுற்றில் அதே தண்டர் 750 புள்ளிகளும் வாரியர்ஸ் 743 புள்ளிகளும் எடுத்தன. 3-1 என்று முன்னணியில் இருந்த தண்டர் 4-3 என்று தோற்றது. இறுதிச் சுற்றில் ஆறு ஆட்டங்கள் முடிவில் வாரியர்ஸும் கேவலியர்ஸும் சரியாக 610-610. ஏழாவதை 93-89 என்று வென்று கேவலியர்ஸ் கோப்பையை எடுத்தது. தொடரில் கூடுதல் புள்ளி எடுத்தவர் தொடரை வெல்லாமல் போவது அதிசயம் அல்ல என்பதற்கு அடுத்தடுத்து இரண்டு சுற்றுகளே போதும்.

அப்படியானால் உங்கள் 19 புள்ளிகளைத் தூக்கி எறியலாமா? கூடாது. அவை கடந்த காலத்தை மாற்றாவிட்டாலும், இந்த இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பது பற்றிய சிறு தகவல் அவற்றில் உண்டு. எவ்வளவு சிறியது என்றால், நான்கு ஆட்டங்களின் சராசரியில் உள்ள தற்செயல் 6 புள்ளி. 82 ஆட்டங்களிலிருந்து வந்த ஒப்பீட்டிலோ 1.9. ஆட்டப் பொருத்தம், மாற்றப்பட்ட உத்தி ஆகியவற்றுக்கு இடம் விட்டாலும், தொடருக்கு ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மேலும் அந்த 30 புள்ளி ஆட்டத்தின் கடைசிக் காற்பகுதியில் முக்கிய வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, மாற்று வீரர்கள் புள்ளி சேர்த்திருப்பார்கள். ஆகவே 20-க்கு மேற்பட்ட எந்த வித்தியாசத்தையும் 20 என்றே வெட்டிவிடுவது என் வழக்கம்.

வெட்டிய பின் உங்கள் முதல் அணியின் முன்னிலை நான்கு ஆட்டங்களில் 9 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 2.25. பருவத்தின் -2.5-க்கு ஐந்தில் நான்கும், இதற்கு ஐந்தில் ஒன்றும் கொடுத்தால் -1.55 வருகிறது. மிச்சம் மூன்று ஆட்டங்கள்: உள்ளூர், வெளியூர், உள்ளூர். உள்ளூரில் அதற்கு 53 விழுக்காடு, வெளியூரில் 37. மூன்றில் இரண்டை வெல்லும் வாய்ப்பு 47 விழுக்காடு. தொடரின் புள்ளிகளைப் பார்க்கவே மறுத்திருந்தால் 42 வந்திருக்கும், 30-ஐ வெட்டாமல் விட்டிருந்தால் 49. எப்படிப் பார்த்தாலும் இரண்டாவது அணியே இன்னும் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. ஐந்தாவது ஆட்டத்தில் யாராவது காயத்தால் வெளியே உட்கார்ந்தால் அந்த மயிரிழையும் போய்விடும். அப்போது அந்த வீரர் இல்லாமல் அணி ஆடிய ஆட்டங்களின் வித்தியாசத்தை எடுத்து மறுபடி கணக்கிடுங்கள். அத்தகைய ஆட்டங்கள் பத்துக்கும் குறைவாக இருந்தால், அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்தே நம்புங்கள்.