மீன்தொட்டியில் இறால் குஞ்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வவுனியாவில் பத்துச் சிவப்புச் செரி இறால் வாங்கி வந்து, புதுத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி அன்றைக்கே விட்டேன். ஒரு கிழமைக்குள் பாதி செத்துவிட்டது. எங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டியது) வாங்கி ஊற்றட்டுமா?
– மாணவர், கிளிநொச்சி

பதில்: வேண்டாம் தம்பி, கிணற்றின் மேல் பழி போடாதீர்கள். கேத்தலில் படிகிற அந்த வெள்ளை பெரும்பாலும் கல்சியம்தான். இறால் வளர வளர பழைய கோதைக் கழற்றிவிட்டுப் புதுக் கோது கட்ட வேண்டும், அதற்கு இந்தக் கல்சியம் தேவை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக்கள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததால், அதை மட்டும் நிரப்பி வளர்த்தால் கோது கழற்றும் நேரத்தில் சிக்கிக்கொண்டு சாகும். செரி இறால் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 6.5 முதல் 8 வரை தாங்கும், ஓரளவு கடினமான தண்ணீரை விரும்பும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்கு அது பொருத்தமான இறால் என்றே சொல்லுவேன்.

உங்கள் இறாலைக் கொன்றது பெரும்பாலும் தொட்டியின் புதுமை. இறாலின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா வரும். அதை நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் பஞ்சு வடிகட்டியிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை தொட்டியில் தண்ணீர், பாசி, ஓடுகிற வடிகட்டி, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அதன் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள், காத்திருக்கும் காலம் குறையும். அந்த நாட்களில் கண்ணாடியிலும் பாசியிலும் ஒரு வழுவழுப்பு படரும், அதைச் சுரண்டித் துடைக்காதீர்கள். பொரித்த குஞ்சுக்கு முதல் சாப்பாடு அதுதான், பளிச்சென்று துடைத்த தொட்டியில் குஞ்சு பட்டினி கிடந்து சாகும்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரீன் போட்டிருந்தால் தண்ணீரை வாளியில் எடுத்து, ஒன்றிரண்டு நாள் காற்றுப் பம்ப் ஓடவிட்டுப் பாவியுங்கள். கடையில் இருந்து கொண்டு வந்த பையை அப்படியே கவிழ்க்க வேண்டாம். மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக உங்கள் தொட்டித் தண்ணீரை ஒன்றிரண்டு மணிநேரம் கலந்து பழக்கிவிட்டு இறாலை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.

வன்னிக் கோடையில் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டிக்குள்ளேயே நின்றுவிடும். குறைந்த அளவைத் திரும்பத் திரும்பக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டு வந்தால் ஓகஸ்ட் மாதத்தில் தொட்டித் தண்ணீர் உங்கள் கிணற்றைவிடப் பல மடங்கு கடினமாகி, கோது சரியாகக் கழராமல் போகும். வற்றியதை நிரப்ப மட்டும் மாரியில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீரை ஊற்றுங்கள், ஆர்.ஓ. தண்ணீருக்கும் இந்த இடத்தில்தான் வேலை. கிழமைக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றும்போது கிணற்றுத் தண்ணீர் சரி.

இவ்வளவும் சரியாக அமைந்தால் பெண் இறாலின் பிடரிக்குப் பின்னால் சேணம் போட்டதுபோல் மஞ்சளாக ஒரு திட்டுத் தெரியும், அது சூலகத்தில் இருக்கும் முட்டை. கோது கழற்றி, ஆணோடு கூடியதும் முட்டைகள் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். இருபது முப்பது முட்டைகளை மூன்று நாலு கிழமை சுமந்து விசிறிக்கொண்டே திரியும். பொரிப்பவை தாயைப் போலவே உருவம் உள்ள, ஓரிரு மில்லிமீற்றர்க் குஞ்சுகள். இரண்டு மூன்று மாதத்தில் அவையும் முட்டை வைக்கும்.

கேள்வி: முட்டையோடு திரிந்த இறால்கள் எல்லாம் முட்டையை உதிர்த்துவிட்டன. தொட்டித் தண்ணீர் பகலில் 33 பாகை காட்டுகிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். 22 முதல் 26 பாகை வரை இருந்தால் இனம் பெருகும், 30 தாண்டினால் தாய் முட்டையைக் கைவிடும். சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு: 20 பாகையில் ஒரு லீற்றரில் 9 மில்லிகிராம் அளவில் கரையும், 30 பாகையில் ஏழரைதான். அதனால் கரண்ட் நின்று பம்ப் நிற்கும் மத்தியானந்தான் கூடுதல் ஆபத்து, பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். தொட்டியைத் தகரக் கூரை வீட்டின் மேசையில் இருந்து இறக்கி, வெயில் படாத சுவரோரம் நிலத்தில் வையுங்கள். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் தண்ணீர் இன்னும் வேகமாக வற்றும். ஐஸ் கட்டி போட வேண்டாம், திடீர் மாற்றம் வெப்பத்தைவிடக் கெடுதல். முதல் தடவை சுமக்கிற தாய் காரணமில்லாமலும் உதிர்க்கும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் மாரி தொடங்கும்போது தொட்டியை ஆயத்தம் செய்து, மார்கழி, தையில் இறால் விட்டால் குளிரான மாதங்களிலேயே முதல் குஞ்சைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஆறு மாதம் நன்றாக இருந்த இறால்கள் ஒரே இரவில் செத்துக் கிடந்தன. மீன்களுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் எதையும் மாற்றவில்லை.
– வாசகர், மல்லாவி

பதில்: மீன் தப்பி இறால் மட்டும் செத்தால் நான் முதலில் கேட்பது நுளம்புத்திரியைத்தான். திரியிலும் நுளம்பு விரட்டித் திரவத்திலும் பொதுவாக இருக்கும் பைரத்ரொயிட் மருந்து பூச்சியைக் கொல்லுவதற்காகச் செய்யப்பட்டது, இறால் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். காற்றுப் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது, நீங்கள் தொட்டியைத் தொடாமலே மருந்து உள்ளே போய்விடும். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை முழுதும் போன பிறகு திறவுங்கள். வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்த கை சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் அன்று தொட்டிக்குள் போக வேண்டாம். சந்தைக் கீரையையும் தீனியாகப் போடாதீர்கள், முற்றத்து முருங்கை இலையை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்தால் ஆசையாகச் சாப்பிடும். அப்புறம், மீனுக்கு வாங்கும் மருந்தில் செப்பு இருந்தால் அது இறாலுக்கு நஞ்சு. போத்தலில் எழுதியிருப்பதைக் கட்டாயம் வாசியுங்கள்.

கேள்வி: எங்கள் குளத்து இறாலைப் பிடித்துத் தொட்டியில் குஞ்சு எடுக்க முடியுமா?
– வாசகர், துணுக்காய்

பதில்: நீளக் கால் உள்ள பெரிய நன்னீர் இறால் என்றால் முடியாது. அதன் குடம்பிகளுக்கு, அதாவது பொரித்ததும் மிதந்து திரியும் பருவத்துக்கு, உவர்த்தண்ணீர் வேண்டும், குஞ்சு பொரிப்பகங்களில் ஆயிரத்தில் 12 பங்கு அளவு உப்புச்செறிவில் வளர்த்துத்தான் குளங்களில் விடுகிறார்கள். வளர்ந்த ஆண் ஓர் அடி வரை போகும், தொட்டியில் இருக்கும் மற்றதையெல்லாம் தின்றும்விடும். நந்திக்கடல் களப்பு இறாலோ முட்டையிடக் கடலுக்குப் போவது. சின்னக் கூனியில் சில இனங்கள் தொட்டியிலேயே பெருகும். முட்டை பெரிதாகவும் கொஞ்சமாகவும் இருந்தால் நம்பிக்கை வையுங்கள், தூசி மாதிரிப் பொடி முட்டை நூற்றுக்கணக்கில் இருந்தால் அது மிதக்கும் குடம்பியாகத்தான் பொரிக்கும்.

கேள்வி: கப்பி மீனோடு சேர்த்து வளர்க்கலாமா?
– வாசகி, முழங்காவில்

பதில்: பெரிய இறால் தப்பும், குஞ்சு தப்பாது. குஞ்சு வேண்டுமென்றால் தனித் தொட்டி.

கேள்வி: இறால் பெருகித் தொட்டி நிறைந்துவிட்டது. மிச்சத்தை இரணைமடுவில் விடலாமா?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். செரி இறால் எங்கள் நாட்டு உயிர் இல்லை. ஜேர்மனியிலும் போலந்திலும் மின்நிலையத்தின் சூடான தண்ணீர் விழும் இடங்களில் யாரோ விட்ட செரி இறால் குடியேறிப் பெருகியிருக்கிறது. அந்தக் குளிர்நாட்டுக்கே அப்படியென்றால் எங்கள் குளத்தை யோசித்துப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கூனிக்கும் சாப்பாடு வேண்டும், தொட்டியில் இருந்து போகும் நோயும் ஒட்டுண்ணியும் அதற்குப் புதிது. வாய்க்காலில் கொட்டினாலும் குளத்தில் விட்ட மாதிரித்தான். தீனியைக் குறையுங்கள், பெருக்கம் தானாகக் குறையும். மிச்சத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்: பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், பிடித்துக்கொள்ள ஒரு பிடி பாசி, மிச்சம் காற்று. வெயில் இறங்கிய பிறகு கொடுத்துவிடுங்கள்.